தாயின் விரித்த கைகள்

துயருறு அன்னை மரியா நினைவு நாள் மறையுரை



நேற்றுத் திருச்சிலுவையின் மகிமையைக் கொண்டாடினோம். இன்று அந்தச் சிலுவையின் அடியில் நின்ற தாயை நினைக்கிறோம். யோவான் நற்செய்தியில் நாம் இப்போது கேட்ட பகுதி மிகச் சிறியது. தாய் நின்றார், அன்புச் சீடர் பக்கத்தில் நின்றார், மகன் அவர்கள் இருவரையும் ஒருவரிடம் ஒருவராக ஒப்படைத்தார். தாய் அழுதாரா, ஏதாவது சொன்னாரா என்று யோவான் எழுதவில்லை. அதற்குப் பிறகு நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். அரிமத்தியா ஊர் யோசேப்பு பிலாத்திடம் போய் உடலைக் கேட்டு வாங்குகிறார். நிக்கதேம் நறுமணப் பொருள்களைச் சுமந்து வருகிறார். துணிகளால் சுற்றித் தோட்டத்துக் கல்லறையில் வைக்கிறார்கள். மகனின் உடல் தாயின் மடிக்கு வந்ததாக நான்கு நற்செய்திகளில் ஒன்றிலும் இல்லை.

ஆனாலும் தவக்காலத்தில் வெள்ளிதோறும் சிலுவைப் பாதையின் பதின்மூன்றாம் நிலைக்கு வரும்போது, மகன் தாயின் மடியில் கிடப்பதைப் பார்க்கிறோம். அந்த நிலைக்கு வந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்கிற தாய்மார் எந்தப் பங்கிலும் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செபித்துச் செபித்துக் கண்ட காட்சி அது. நற்செய்தியாளர்கள் எழுதாமல் விட்ட இடத்தைத் திருச்சபையின் கண்ணீர் நிரப்பியது. ஓவியர்களும் சிற்பிகளும் ஒருவர் பின் ஒருவராக அதே காட்சியைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். அப்படித் திரும்ப வரையப்பட்ட ஒரு படத்தைப் பற்றி இன்று உங்களிடம் பேச வேண்டும் என்று வெகுநாளாக மனத்தில் இருக்கிறது.

வரைந்தவர் வின்சென்ட் வான்கோ, நெதர்லாந்து நாட்டுக்காரர். சூரியகாந்திப் பூக்கள் நிறைந்த ஜாடியின் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். அதை வரைந்தவர்தான். 1889 மே மாதம் தென்பிரான்சில் சான் ரெமி என்ற ஊரின் மனநோயாளர் காப்பகத்தில் அவராகவே போய்ச் சேர்ந்தார். பழைய துறவு மடம் ஒன்று காப்பகமாக ஆகியிருந்தது. அருட்சகோதரிகள் அங்கே பணி செய்தார்கள். ஜூலை நடுவில் நோய் கடுமையாகத் தாக்கியது. பல வாரங்கள் வெளியே போகவில்லை. வயலுக்கு நடுவில் நின்று வெயிலைப் பார்த்து வரைந்து பழகியவருக்கு எதிரில் சுவர்தான் இருந்தது. கையில் சில கறுப்பு வெள்ளை அச்சுப் படங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று, அவர் பெரிதும் மதித்த பிரெஞ்சு ஓவியர் யூஜின் தெலக்ருவா வரைந்த துயருறு அன்னை. தெலக்ருவா இறந்து அப்போது கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

அந்தத் தாள் எண்ணெயிலும் சாயத்திலும் விழுந்து பாழாகிவிட்டது. தம்பி தியோவுக்கு எழுதும்போது அதற்காக வருந்தியதைச் சொல்கிறார். வருந்திய கையோடு அதையே வண்ணத்தில் வரைய உட்கார்ந்துவிட்டதையும் சொல்கிறார். அந்த அறையைக் கொஞ்சம் கண்முன் கொண்டுவாருங்கள். நோயிலிருந்து அப்போதுதான் எழுந்த மனிதர். கைக்குத் துணையாக இருந்த ஒரே தாயின் படமும் கறைபட்டுப் போயிற்று. அவர் அதைத் தூர எறியவில்லை. கறைக்கு அடியில் தெரிந்த கோடுகளைப் பிடித்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். அது நடந்தது இதே செப்டம்பர் மாதத்தில்.

அச்சுப் படத்தில் உருவம் இருந்தது, நிறம் இல்லை. நிறத்தை வின்சென்ட் தம்மிடமிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. பெத்தோவன் எழுதி வைத்த இசையை இன்னொருவர் வாசிக்கும்போது அது வாசிப்பவருடைய இசையாகவும் ஆவதில்லையா, தாம் செய்வதும் அப்படித்தான் என்று தம்பிக்கு விளக்கினார். நம்முடைய செபமும் அப்படித்தானே! செபமாலையின் வார்த்தைகள் நம்முடையவை அல்ல. நம் பாட்டிமார் சொன்னவை, அவர்களுக்கு முன்னால் யாரோ சொன்னவை. அடக்கச் சடங்கில் நான் வாசிக்கும் மன்றாட்டு நான் எழுதியதல்ல. துயரம் தொண்டையை அடைக்கும் நேரத்தில் புதிதாக வார்த்தை தேட ஒருவருக்கும் தெம்பு இருக்காது. முன்னோர் விட்டுச் சென்ற வார்த்தை கையில் கிடைக்கிறது. அதற்குள் இருக்கும் அழுகை மட்டும் நம்முடையது.

தெலக்ருவாவும் புதிதாகத் தொடங்கியவர் அல்லர். 1844இல் பாரிஸில் ஒரு கோவில் சுவரில் அவர் இந்தக் காட்சியைப் பெரிதாக வரைந்தபோது, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோஸோ ஃபியோரெந்தினோ என்ற இத்தாலிய ஓவியர் வரைந்த தாயை மனத்தில் வைத்திருந்தார். ரோஸோவின் மரியா இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்திருப்பார், சிலுவையில் மகன் விரித்தது போலவே. அந்த விரித்த கைகள் ரோஸோவிடமிருந்து தெலக்ருவாவுக்கு வந்தன. 1850 வாக்கில் தெலக்ருவா அதே துயரத்தைச் சிறிய படமாக மறுபடி வரைந்தார். அது அச்சாகி, கறைபட்டு, காப்பகத்தில் இருந்த ஒரு நோயாளியின் கைக்கு வந்து சேர்ந்தது.

இனிப் படத்தைப் பாருங்கள். உரோமையில் புனித பேதுரு பேராலயத்தில் மைக்கலாஞ்சலோ செதுக்கிய அன்னையை உங்களில் பலருக்குப் படமாகவாவது தெரியும். அவர் அமைதியாக அமர்ந்திருப்பார், மகன் மடியில் உறங்குவது போல் கிடப்பார். வின்சென்டின் படத்தில் அந்த அமைதி கிடையாது. புயல் அடித்து ஓய்ந்த மாலை நேரம். ஊதா மேகங்களின் ஓரத்தில் பொன்னிறம். குகை வாசலில் மகனின் உடல் துவண்டு சாய்ந்திருக்கிறது. பின்னால் தாய், ஆழ்ந்த நீல ஆடையில். அந்த ஆடையைக் காற்று அலைக்கழிக்கிறது. அவருடைய கைகள் இரண்டும் விரிந்து வெறுமையாக இருக்கின்றன. தங்கை வில்லுக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் படத்தை விவரிக்கும்போது வின்சென்ட் அந்தக் கைகளைத் தனியாகச் சொல்கிறார்: உழைக்கிற பெண்ணின் கைகள், உறுதியான, நல்ல கைகள் என்று.

எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான். அரண்மனைச் சீமாட்டியின் மெல்லிய விரல்களை அவர் அன்னைக்குத் தரவில்லை. நாசரேத்தில் தண்ணீர் சுமந்த, மாவு அரைத்த, தச்சன் வீட்டைப் பெருக்கித் துடைத்த கைகள் அவை. மகனைக் குளிப்பாட்டிய கைகள். இப்போது செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் விரிந்து கிடக்கின்றன. பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்த தாயிடம் மறுநாள் காலையில் பேசிப் பாருங்கள். எழுந்து அவனுக்குக் காப்பி கலக்கப் போனேன் ஃபாதர், அப்புறம்தான் ஞாபகம் வந்தது என்பார். மனத்துக்குத் தெரிந்துவிட்டது. கைக்கு இன்னும் தெரியவில்லை.

வின்சென்டுக்கு அப்படிப்பட்ட ஒரு தாயைத் தெரியும். அவர் அம்மா அன்னா. 1852 மார்ச் 30 அன்று அந்த அம்மாவுக்கு முதல் பிள்ளை இறந்தே பிறந்தது. வின்சென்ட் என்று பெயரிட்டு ஊர்க் கோவில் வளாகத்தில் அடக்கம் செய்தார்கள். சரியாக ஓராண்டு கழித்து, 1853 மார்ச் 30 அன்று அடுத்த மகன் பிறந்தான். அவனுக்கும் அதே பெயர். ஓவியராக வளர்ந்தவர் அவர்தான். அப்பா அந்தக் கோவிலின் போதகர். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த வயதில், கல்லறைக் கல்லில் தன் பெயரையே பார்த்து நின்ற சிறுவன் அவர். குழந்தைகளைத் தம்மிடம் வரவிடுமாறு ஆண்டவர் சொன்ன வாக்கையும் அந்தக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். இறந்த பிள்ளைக்காக ஏங்கிய மடியில்தான் அவர் வளர்ந்தார்.

அந்தத் தாயின் கதை அங்கே முடியவில்லை. 1885இல் கணவர் போனார். 1890 ஜூலையில் வின்சென்ட் போனார். ஆறே மாதத்தில், 1891 ஜனவரியில், அவர் தம்பி தியோ போனார். 1900இல் கடைசி மகன் கோர் தென்னாப்பிரிக்காவில் இறந்தார். வளர்ந்த மூன்று ஆண் பிள்ளைகளில் ஒருவரும் மிஞ்சவில்லை. வின்சென்ட் இந்தப் படத்தைப் பற்றிக் கடிதம் எழுதினாரே, அந்தத் தங்கை வில்லும் 1902இல் மனநோயாளர் இல்லத்தில் சேர்க்கப்பட்டு, சாகும்வரை அங்கேயே இருந்தார். இவ்வளவையும் பார்த்துவிட்டு அன்னா 1907இல் கண்ணை மூடினார். குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய சிமியோன், மரியாவின் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்றார். சில தாய்மாருக்கு அந்த வாள் ஒருமுறையோடு நிற்பதில்லை. நம் பங்கிலும் அப்படிப்பட்ட அம்மாக்கள் இருக்கிறார்கள். இப்போதும் இங்கே அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வின்சென்ட் கத்தோலிக்கர் அல்லர். சீர்திருத்த சபையில் வளர்ந்தவர். இளமையில் நற்செய்திப் பணிக்கென்றே பெல்ஜியத்தின் பொரினாஜ் பகுதிக்குப் போனார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நடுவில் இருந்தார். தம் துணிமணிகளை அவர்களுக்குக் கொடுத்தார், குடிசையில் தரையில் படுத்தார். ஊழியத்துக்கு இவர் தகுதியில்லை என்று மேலிடத்தார் அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு ஆலயங்களிலிருந்து அவர் விலகியே இருந்தார். சான் ரெமியில் நோய் வரும்போதெல்லாம் அது சமயப் பயமாக வந்து அவரை வாட்டியது. காப்பகத்தில் கண்ட பக்தி முறைகள் அவருக்குப் பிடிக்கவில்லை. இதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை. பக்திமான் ஒருவர் மகிழ்ச்சியோடு வரைந்த படமல்ல இது. கடவுளைப் பற்றிய எண்ணமே அச்சமாக மாறியிருந்த நாள்களில், அதே மனிதர் சிலுவையடியில் நின்ற தாயைத் தேடிப் போனார். கோவிலுக்கு வராதவர்களைப் பற்றி நாம் சட்டென்று முடிவு கட்டிவிடுகிறோம். யார் எந்த இருட்டில் எந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று நமக்கு என்ன தெரியும்?

இறந்து கிடக்கும் கிறிஸ்துவின் முகத்தைப் பாருங்கள். நிழல் விழுந்த அந்த முகத்தில் செந்நிறத் தாடி. வின்சென்டுக்கும் அப்படித்தான் தாடி. பார்ப்பவர் பலருக்கும் அது அவர் முகமாகவே தெரிகிறது. இதில் ஆணவம் இருக்கிறதா என்று சிலர் கேட்கலாம். ஆண்டவரின் இடத்தில் தன் முகத்தை வைக்க ஒருவனுக்கு என்ன துணிச்சல் என்று கேட்கலாம். ஆனால் இடம் மாறியது முதலில் யார்? நம் இடத்துக்கு வந்து நம் சாவைச் சாக ஒத்துக்கொண்டவர் அவரல்லவா! பசித்தவனுக்குக் கொடுத்தது எனக்கே கொடுத்தது, நோயுற்றவனைப் பார்க்க வந்தது என்னையே பார்க்க வந்தது என்று சொன்னவர் அவரல்லவா! உடைந்துபோன மனிதன் ஒருவன் ஆண்டவரின் முகத்தில் தன் முகத்தைக் கண்டால் ஆண்டவர் கோபிக்கமாட்டார். அதற்காகத்தான் மனிதரானார்.

அடுத்த ஆண்டு மே மாதம் வின்சென்ட் காப்பகத்தை விட்டு, பாரிஸுக்கு வடக்கே உள்ள ஓவேர் என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே அவரைக் கவனித்துக்கொண்ட டாக்டர் காஷே இந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுத் தமக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார். அதற்குள் ஜூலை வந்துவிட்டது. 29ஆம் தேதி அதிகாலை, தம்பி பக்கத்தில் இருக்க, வின்சென்ட் இறந்தார். வயது 37. தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார் என்பதால் ஊர்க் கோவிலில் அவருக்கு அடக்கச் சடங்கு கிடைக்கவில்லை. அக்கால வழக்கம் அது.

தங்கியிருந்த விடுதியிலேயே ஓர் அறையில் அவர் உடலை வைத்தார்கள். நண்பர் எமில் பெர்னார் அதைக் கண்ணால் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். பெட்டியின் மேல் வெள்ளைத் துணி. சுற்றிலும் அவருக்குப் பிடித்த சூரியகாந்தி, மஞ்சள் டாலியா, எங்கே பார்த்தாலும் மஞ்சள் பூ. பெட்டிக்கு முன்னால் தரையில் அவருடைய தூரிகைகளும் மடக்கு நாற்காலியும். சுவர்களில் அவர் வரைந்த படங்கள். அந்தப் படங்களில் ஒன்றைப் பெர்னார் குறிப்பிட்டுச் சொல்கிறார்: தெலக்ருவாவைப் பார்த்து வரைந்த அன்னையும் ஆண்டவரும்.

அன்பார்ந்தவர்களே, எந்தக் குருவும் வராத அந்த அறையில் துயருறு அன்னை இருந்தார். காப்பகத்தில் தம் கையாலேயே அவர் வரைந்து வைத்த தாய், அவர் பெட்டிக்கு மேல் கைகளை விரித்துக்கொண்டு இருந்தார். சிலுவையில் தொங்கிய மகன் சீடரை எந்தத் தாயிடம் ஒப்படைத்தாரோ அந்தத் தாய்! நாங்கள், குருக்கள், போக மறுத்த வீட்டுக்கு அவர் எங்களுக்கு முன்னால் போய்விட்டார்.

திருச்சபை கற்றுக்கொண்டது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அடக்கச் சடங்கு மறுக்கப்படுவோரின் பட்டியலில் தற்கொலை செய்துகொண்டவர்களை வைக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் உயிர் இறைவன் தந்தது, அதை முடிக்க நமக்கு உரிமை இல்லை என்று தெளிவாகச் சொல்கிறது. கூடவே, கடும் மனநோயும் வேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அப்படி இறந்தவர்களின் மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும், திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது என்றும் சொல்கிறது. இன்னொன்றும் நடந்தது. வின்சென்ட் இதே படத்தைச் சிறிய அளவில் இன்னொரு முறையும் வரைந்திருந்தார். பெரியது ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. சிறியது இன்று வத்திக்கான் அருங்காட்சியகத்தில், திருத்தந்தை ஆறாம் பவுல் 1973இல் திறந்துவைத்த நவீன சமயக் கலைத் தொகுப்பில் இருக்கிறது. அடக்கச் சடங்கு கிடைக்காத மனிதரின் துயருறு அன்னையை இப்போது பேதுருவின் வீட்டில் வைத்துக் காக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் நான் இறைவனுக்கு நன்றி சொல்கிறேன்.

சட்டம் மாறிவிட்டது. நம் வாய் இன்னும் மாறவில்லை. துக்க வீட்டுக்குப் போகிறோம். எப்படி ஆச்சு, என்ன காரணம், வீட்டில் ஏதாவது சண்டையா என்று அந்தத் தாயையே கேட்கிறோம். வெளியே வந்து நம் ஊகத்தையும் சேர்த்துச் சொல்கிறோம். அல்லது, அழாதே, கடவுள் சித்தம் என்கிறோம். அன்னை மரியாவிடம் யாரும் அப்படிச் சொன்னதாக நற்செய்தியில் இல்லை. யோவான் பக்கத்தில் நின்றார். பிறகு தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார். நீங்களும் நில்லுங்கள், அவர்களுக்குச் சாப்பாடு கொண்டு போங்கள், பதினாறாம் நாளுக்குப் பிறகும் போங்கள். எல்லாரும் கலைந்த பிறகுதான் அந்தக் கைகளுக்கு வேலை இல்லாமல் போகிறது.

மனநோயை மறைக்கிற வீடுகளும் நம்மிடம் இருக்கின்றன. மகளுக்கு வரன் தட்டிப் போகும், ஊர் பேசும் என்று மருத்துவரிடம் காட்டாமல் வைத்திருக்கிறோம். செபம் போதும் என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். ஒரு பங்குத்தந்தையாகச் சொல்கிறேன்: செபமும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். வாழ்வை முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு இங்கே யாராவது இருந்தால், திருப்பலி முடிந்ததும் என்னிடம் வாருங்கள். இரவு எந்த நேரமானாலும் பங்கு இல்லத்துக் கதவைத் தட்டுங்கள். உங்களோடு மருத்துவமனைக்கு நானே வருகிறேன். அவமானம் என்று நினைக்காதீர்கள். ஓவியர் வின்சென்ட் தாமாகவே காப்பகத்துக்குப் போனாரே, அங்கிருந்த ஓராண்டில் அவர் எவ்வளவோ வரைந்தார். அந்த ஆண்டு நமக்குக் கிடைத்தது, அவர் உதவி கேட்டதால்தான்.

கடைசியாக ஒன்று. நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு இறந்தோர் பெயர்களை இந்த வாரம் முதல் பங்கு அலுவலகத்தில் எழுதிக்கொள்கிறோம். சில குடும்பங்கள் ஒரு பெயரை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் விட்டுவிடுகின்றன. ஏன் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்தப் பெயரையும் எழுதுங்கள். பெயரும் இறந்த நாளும் மட்டும் போதும், வேறு எதையும் அந்தத் தாளில் நாங்கள் கேட்கவில்லை. அம்மாவோ அப்பாவோ தயங்கினால் அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள் வந்து எழுதுங்கள். எல்லாப் பெயர்களையும் ஒரே வரிசையில் பீடத்தில் வாசித்து, எல்லாருக்கும் சேர்த்து ஒரே திருப்பலி ஒப்புக்கொடுப்போம்.